பகல் பதினொரு மணி

ஆக்ரன், ஓஹையோ
19 பிப்ரவரி 2025

மரகதத்துக்கு,

நான் நலம். நீயும் நம் மகள் வைஷாலி வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடுவாயோ என்று பயந்து, பேத்தி தாரிணியின் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. 1984-இல் கோர்ட் வாசலில் பிரிந்த பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தமிழில் எழுதியே எத்தனையோ வருடம் ஆகிறது. 'ழ'வின் வால் எந்தப் பக்கம் வளையும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

விஷயம் இதுதான். நம் பேத்திக்குப் பள்ளி திறந்ததும் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். எழுபது, எண்பதுகளில் அமெரிக்கக் குடும்பங்களில் என்ன மாறியது, அங்கே வாழ்ந்த ஒருவரைக் கேட்டு எழுதவேண்டுமாம். எனக்கு நாலு கேள்வி அனுப்பியிருந்தாள். முதல் மூன்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். டயர் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடியது, ஊருக்கு வெளியே மால்கள் முளைத்தது, பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியது, விவாகரத்துச் சட்டம் எளிதானது எல்லாம். நான்காவது கேள்வி, 'உங்கள் வீட்டில் என்ன மாறியது?'

அதற்குக் கீழே இரண்டு வாரமாக வெறும் தாள்தான்.

என்ன எழுதலாம், நீயே சொல். குழந்தையிடம் பொய் சொல்லவேண்டாம் என்று பார்க்கிறேன்.

இங்கே பனி விழுந்துகொண்டே இருக்கிறது. சத்தமே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் வீடுதான் மெல்ல மேலே போவதுபோல் இருக்கிறது.

பழனிவேல்


ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
11 மார்ச் 2025

பழனிவேல் அவர்களுக்கு,

உங்கள் பெயரைத் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. சேர்ந்திருந்த பதினொரு வருடமும் 'இங்க பாருங்க' என்றே ஓடிவிட்டது. கோர்ட் காகிதத்தில் இருந்ததும் ஆங்கிலத்தில்தான். எழுதிப் பார்த்தேன், நல்ல பெயராகத்தான் இருக்கிறது.

கடிதத்தைப் பிரித்துத்தான் படித்தேன். எழுபத்து மூன்று வயதில் யார்மேல் கோபம் வைத்துக்கொண்டு எங்கே போவது?

வைஷாலிக்கு ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். பிசியோதெரபி பிரிவையே இப்போது அவள்தான் பார்க்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன யூனிட்டில் நான் இருக்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழே மனுக்காவ் கடல். சில நாள் தண்ணீர் இருக்கும், சில நாள் வெறும் சேறு. கோடையின் கடைசி மூட்டம் அதன்மேல் படுத்திருக்கும்போது எது நீர், எது வானம் என்றே தெரிவதில்லை. நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதும் கொஞ்ச நேரத்துக்குத் தெரியாமல் போகும்.

தாரிணி என்னையும் கேட்டாள். ஆக்ரனில் நாம் இருந்த தெருவைப் பற்றிச் சொன்னேன். பதினொரு வீடு. ஆறு வருடத்துக்குள் நாலு வீட்டில் கணவனோ மனைவியோ பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று பக்கத்து வீட்டு லோரீனுடையது, இன்னொன்று நம்முடையது என்றேன். "அப்போ நீங்க ஹிஸ்டரில இருக்கீங்க பாட்டி!" என்று குதித்தாள். அவள் வாயிலிருந்து முழுதாக ஒரு தமிழ் வாக்கியம் வந்ததே பெரிது என்று விட்டுவிட்டேன்.

உங்கள் நான்காவது கேள்விக்கு நான் பதில் சொன்னால் என் பக்கம்தான் வரும். நீங்களே எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒன்று சொல்கிறேன். அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் பகல் நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

மரகதம்


ஆக்ரன்
31 மார்ச் 2025

மரகதம்,

உன் கடிதத்தின் கடைசி வரிகளை மூன்று நாள் மேஜைமேலேயே வைத்திருந்தேன். தண்டபாணிதான் பின்னாளில் யாரிடமாவது சொல்லியிருப்பான். என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவன் அவன் ஒருவன்தானே நம் ஆள். சரி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

1981 அக்டோபர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு எங்களை ஒரு ஹாலில் கூட்டினார்கள். தொழிற்சாலை தெற்கே போகிறது, பழைய இயந்திரங்களும் வேண்டாம், அவற்றைப் பார்த்துக்கொண்ட நாங்களும் வேண்டாம் என்றார்கள். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று உன்னிடம் சொல்லவில்லை. சனி, ஞாயிறும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை டை கட்டிக்கொண்டு, நீ நீட்டிய டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊருக்கு வெளியே இருந்த மாலுக்குத்தான் போனேன். உள்ளே ஒரு செயற்கை நீரூற்று, சுற்றிலும் பெஞ்சுகள். என்னைப்போல் டை கட்டிய நாலைந்து பேர் தினமும் வருவார்கள். ஒருவரோடொருவர் பேசமாட்டோம். பேசினால் ஏன் வந்தாய் என்ற கேள்வி வரும். மத்தியானம் டிபனைத் திறந்தால் பெருங்காய வாசனை அந்த இடம் முழுக்கப் பரவும். பாதியிலேயே மூடிவிடுவேன். வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த உதவியில் வீடு ஓடியதால் உனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாட்டில் லட்சம் பேருக்கு வேலை போனது, எனக்குப் போனதில் என்ன வெட்கம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். வெளியே வந்து நின்றேன். பகல் பதினொரு மணி. சிக்னலில் லோரீனின் பச்சை வண்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது நீ. பக்கத்தில் அவள். தலையைப் பின்னால் சாய்த்து நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அப்படி ஒரு சிரிப்பை நம் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. கண்ணாடி ஏற்றியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. விளக்கு மாறியது, போய்விட்டாய்.

உனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன்னைக் கேட்கவும் முடியாது. கேட்டால், அந்த நேரத்தில் உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று நீ கேட்பாய்.

அன்று மாலை நீ வழக்கம்போல் கதவருகில் வந்து, "இன்னைக்கு வேலை எப்படி இருந்துச்சு?" என்றாய். நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "வீட்டுல உட்கார்ந்து சாப்பிடுறவளுக்கு என் வேலையப் பத்தி என்ன கேள்வி?" வைஷாலி மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பென்சில் நின்றுபோனது. வியாழக்கிழமை நான் திரும்பி வந்தபோது வீட்டில் நீங்கள் இல்லை.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். அந்த மால் கட்டடத்தை இடித்துத் தள்ளியும் வெகுகாலம் ஆகிவிட்டது. கொஞ்ச நாளாக ஒரு கனவு வருகிறது. மாலுக்குள் கடைகள் எல்லாம் மூடியிருக்கின்றன. நீரூற்று மட்டும் ஓடுகிறது. அந்தப் பச்சை வண்டி பளிங்குத் தரையில் சத்தமில்லாமல் என்னைக் கடந்து போகிறது. நான் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. விழித்த பிறகும் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

வைஷாலி என்னை டிசம்பரில் ஆக்லாந்து வரச் சொல்கிறாள். மூன்று மாதம் இருக்கலாமாம். நீ இருக்கும் இடத்துக்கு உன்னைக் கேட்காமல் வரமாட்டேன். வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை.

பழனிவேல்


ஹில்ஸ்பரோ
22 ஏப்ரல் 2025

அன்புள்ள பழனிவேல்,

தண்டபாணி பின்னாளில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அக்டோபரிலேயே எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முறுக்கு கொடுக்க அவர் மனைவி அன்னம் வந்தாள். "உங்க வீட்டுக்காரருக்கும் வேலை போயிடுச்சாமே, என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலைதான் முதன்முதலில் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதற்கு முன்பு ஒரு நாளாவது உங்கள் வேலை எப்படி என்று நான் கேட்டதுண்டா? யோசித்துப் பாருங்கள். நீங்கள் "எப்பவும் போலதான்" என்றீர்கள். மறுநாளும் கேட்டேன். தினமும் கேட்டேன். சொல்லிவிடுங்கள், சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம். மீந்துபோன சாதத்தைக் கொட்டிப் பாத்திரத்தைக் கழுவும்போதெல்லாம் எங்கேயோ தனியாக உட்கார்ந்து பாதி வயிறு சாப்பிடுகிறார் என்று அழுகை வரும்.

நானும் சும்மா இருக்கவில்லை. லோரீன் அப்போது ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருந்தாள். அந்த ஊரில் வண்டி ஓட்டத் தெரியாமல் எந்த வேலைக்கும் போகமுடியாது என்று அவள்தான் கற்றுக்கொடுத்தாள். நீங்கள் என்னைப் பார்த்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எனக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. திரும்பும் வழியில்தான் அந்தச் சிரிப்பு. மாலையில் உங்களிடம் சொல்ல இருந்தேன். நீங்கள் உங்களுடையதைச் சொன்னதும் நான் என்னுடையதைச் சொல்வேன் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே ரசம் வைத்தேன். நீங்கள் கதவைத் திறந்து வந்து அந்த வார்த்தையைச் சொன்னீர்கள்.

இவ்வளவு வருடமும் உங்கள்மேல்தான் குற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்லமுடியவில்லை. ஐந்து மாதம் ஒரு மனுஷனுக்குத் தினமும் பரீட்சை வைத்திருக்கிறேன். 'எனக்குத் தெரியும்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

ஆனால் இதை மட்டும் எழுதி முடித்தால் அதுவும் அரைப் பொய். அந்தச் சிரிப்பு உங்களுக்காகச் சிரித்தது இல்லை, வீட்டுக்காகவும் இல்லை. கையில் ஸ்டியரிங், எதிரே நீளமான ரோடு, இந்த உலகத்தில் எந்தத் தெருவிலும் நான் திரும்பலாம் என்று ஒரு எண்ணம். உடம்பே லேசாகி மிதந்தது. நீங்கள் அன்று நல்ல பதில் சொல்லியிருந்தால் நான் இருந்திருப்பேனா? இருந்திருப்பேன் என்று எழுதத்தான் கை போகிறது. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் தாராளமாக வாருங்கள். எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

மரகதம்


ஹில்ஸ்பரோ
22 செப்டம்பர் 2025

அன்புள்ள பழனிவேல்,

சரியாக ஐந்து மாதம் ஆகிறது. உங்களிடமிருந்து பதில் இல்லை.

முதல் மாதம் தபால் தாமதம் என்று நினைத்தேன். ஜூன், ஜூலை முழுக்க மழை. யூனிட்டின் கூரைமேல் மழை பெய்தால் யாரோ எழுதிக்கொண்டே இருப்பதுபோல் கேட்கும். தபால்காரர் வண்டி நின்றால் எட்டிப் பார்ப்பேன். ஆகஸ்டில் வைஷாலி வந்து, "அப்பா டிசம்பர்ல வரலையாம்மா. முழங்கால் ரொம்ப மோசமாம், கதவுவரைக்கும் நடக்கவே நேரமாகுதாம். உன்கிட்ட சொல்லச் சொன்னார்" என்றாள். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தையும் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்தது தப்புதான். ஐம்பத்தோரு வயதுப் பெண், சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தாள். "அப்பாவுக்கு நம்மளைப் பிடிக்கலைன்னு நினைச்சுட்டே நான் வளர்ந்தேம்மா. உனக்குத் தெரியுமா அது?" என்றாள். எனக்குத் தெரியாது. அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. "ஏம்மா, நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்க அவள்தான் கை கொடுத்தாள். நாலைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு காலை தானாகவே காப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முழங்கால் நிஜமாகவே வலிக்கிறதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் வராததற்குக் காரணம் அது இல்லை. அத்தனை நாள் நீங்கள் டை கட்டிக்கொண்டு கிளம்பியதை எல்லாம் தெரிந்தே நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் காரணம். அதை எழுதிய அன்றே யோசித்திருக்க வேண்டும். இத்தனை வயதில் உங்களை மறுபடி கூச வைத்துவிட்டேன்.

இந்தத் தடவை நான் கேட்டுவிட்டுக் காத்திருக்கப் போவதில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அக்டோபர் பதினெட்டாம் தேதி நானும் வைஷாலியும் கிளம்புகிறோம். பத்து நாள். தங்குவது ஹோட்டலில். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

திரும்பி வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு வயதும் இல்லை, ஆசையும் இல்லை. என் வீடு இங்கே, இந்தச் சேற்றுக் கடலோரம்தான். மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. நாம் ஒருவரையொருவர் பார்த்து நாற்பத்தோரு வருடம் ஆகிறது. தெருவில் எதிரே வந்தால் தெரியாமல் தாண்டிப் போய்விடுவோம். அப்படி இருக்கவேண்டாம் என்று தோன்றுகிறது.

பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணிக்கு வந்து மணி அடிப்பேன். அவசரப்பட்டு எழுந்து விழுந்துவைக்காதீர்கள். நிதானமாக வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் வாசலில் நிற்கிறேன்.

மரகதம்