கஸ்தூரி வரைந்த ஏரிக்கரை

1961 ஐப்பசி, செவ்வாய். திண்டிவனம்.

அடுத்த வாரத்திலிருந்து டிராயிங் பீரியட் கணக்குக்குப் போகிறதாம். தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் படங்களைக் காட்டியாவது தடுக்கலாம் என்று, இன்று எட்டாம் வகுப்பில் அவரவர் ஊர் ஏரியை வரையச் சொன்னேன்.

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் கஸ்தூரியின் படத்தில், ஏரிக்கரையின் அடியில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. கை பட்ட அழுக்கு என்று நினைத்து ரப்பரால் தேய்த்தேன். பாழாய்ப்போன பழக்கம்.

"ஐயோ, அழிக்காதீங்க சார். அது அழுக்கு இல்ல, ஈரம். கரைக்குக் கீழ தண்ணி ஊறிக்கினு இருக்குது. பாத்தத போடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மறுபடி வரைந்தாள், முன்னைவிடப் பெரிதாக. "இன்னிக்குக் காலைல இவ்ளோ ஆயிடுச்சு சார்."

ஊறும் கரை மழையில் உடைந்துவிடும் என்று, படக்கட்டோடு தலைமையாசிரியரிடம் ஓடி, தாலுகா ஆபீசுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். அவர் அதே ஊர்ப் பிள்ளைகளின் மற்ற படங்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் கரை சுத்தமாக இருந்தது.

"இதுல ஒண்ணும் இல்லியே மாஸ்டர். ஒரு பொண்ணு கிறுக்கினத நம்பி ஆள அனுப்பறதா?" என்று சிரித்தார்.

மற்றவர்கள் வரைந்தது அவர்கள் ஏரியை அல்ல. போன மாதம் நான் கரும்பலகையில் போட்ட ஏரியை அப்படியே காப்பி அடித்திருந்தார்கள். அதைச் சொன்னால் டிராயிங் பீரியடுக்கு அங்கேயே சமாதிதான். வாயைத் திறக்கவில்லை.

விளக்கு வைத்ததிலிருந்து மழை விடவில்லை. கஸ்தூரியின் படம் என் மேசைமேல்தான் இருக்கிறது. ஈரத்துக்கு நேர் கீழே சின்னதாக ஒரு கூரை வீடு போட்டிருக்கிறாள். வாசலில் ஓர் ஆடு.

யார் வீடு என்று நான் கேட்கவே இல்லை.