ஒரு பிளாஸ்திரி ஒட்டிய இரவு

என்னங்க,

கப்பல் கரை தொட்டதும் இதைப் படிப்பீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பாப்பாவுக்குப் பால் நிறுத்துவது பற்றித்தான் எழுதுகிறேன். "ரெண்டு வயசாச்சு. படிச்ச பொண்ணு நீ, இன்னுமா மடியில போட்டுக்கிட்டு இருக்க?" என்று அத்தை தினமும் ஃபோனில் கேட்கிறார். நீங்களும் நிறுத்தச் சொன்னீர்கள். அதனால் இன்று மார்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, "அம்மாவுக்குக் காயம்டா" என்றேன். வீட்டையே இரண்டாக்கிவிடுவாள் என்று பயந்து, பக்கத்து வீட்டில் முன்கூட்டியே மன்னிப்புகூடக் கேட்டு வைத்திருந்தேன்.

அவள் அழவே இல்லை. குனிந்து பிளாஸ்திரியின் மேல் ஊதினாள். "வலிக்குதா? தூங்கு, சரியாயிடும்" என்று என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன். ஃபிரிட்ஜ் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. நீங்கள் போனதிலிருந்து அவளைத் தவிர என்னைத் தொட ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிளாஸ்திரியை உரித்துவிட்டு, தூங்கிய குழந்தையை நானே எழுப்பினேன்.

அத்தை உங்களிடம் கேட்டால், பாப்பாதான் விடமாட்டேன் என்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா