மூன்றாம் வகுப்பில் ஆன்சி

ஜூன் 4, இரவு.

பள்ளியின் வாட்ஸ்அப் குழு இன்றோடு முடிந்தது. நாளை முதல் பெற்றோருக்கு எல்லாச் செய்தியும் புதிய ஆப்பில்தான். பள்ளி ஆபீஸில் நம்பர்களை அதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பழவங்காடியில் ஒரு கடையில் வேலை பார்க்கும் செலின் வந்தாள். இங்கே இரண்டாம் வகுப்பில் படித்த அவள் மகள் ஆன்சி காய்ச்சலில் இறந்து ஐந்து மாதமாகிறது.

"சேச்சி, என் நம்பர எடுத்துராதீங்க. நாளைக்குக் கலர் டிரஸ், மழைக்கு லீவுன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கட்டும், கேட்டோ."

பிள்ளையின் பெயர் இல்லாமல் ஆப் நம்பரை ஏற்காது. தலைமையாசிரியை சிஸ்டரிடம் கேட்காமலே ஆன்சியை மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன்.

படுத்த பிறகுதான் உறைத்தது. காலையில் நான் அட்டெண்டன்ஸ் ஏற்றியதும், வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஆப் தானாகவே செய்தி அனுப்பும்: "உங்கள் மகள் ஆன்சி இன்று பள்ளிக்கு வரவில்லை."

பெயரை எடுத்தால் நம்பரும் போய்விடும். எடுக்காவிட்டால், தினமும் அவள் வந்திருக்கிறாள் என்று நான் குறிக்க வேண்டும்.