கிரேவியின் கோரைப்பல்

ஜூலை 6, ஞாயிறு

இன்று வீட்டுக்கு ஒரு ஃபெரெட் வந்தது, கீரிப்பிள்ளை ஜாடையில் ஒரு பிராணி. கீலி கேட்டது நாய். பன்னிரண்டு வயதுப் பெண், பேசத் தெரிந்த நாளிலிருந்து கேட்கிறாள். நாய் கிடையாது என்பது டெனிஸின் தீர்ப்பு. வீட்டில் ஏற்கெனவே ஒன்று சோபாவில் படுத்து முடி உதிர்த்துக்கொண்டிருக்கிறது, அது போதும் என்றாள். அந்த ஒன்று அவள் புருஷன், அதாவது நான்.

குப்பை லாரியில் என்னோடு வரும் வில்ஃப் முயல் பிடிக்க ஃபெரெட் வளர்ப்பவர். அவரிடம் கடைசியாக மிஞ்சிய குட்டி இது. பழுப்பு உடம்பு, முகத்தில் திருடன் கட்டிக்கொண்ட துணி மாதிரி ஒரு கறுப்புப் பட்டை, முயல் வளைக்குள் நுழையத் தோதான நீளம். கீலி பார்த்தவுடன் கிரேவி என்று பெயர் வைத்துவிட்டாள். டெனிஸ் வாசற்படியிலிருந்தே பார்த்தாள்.

"எலியும் காலுறையும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு."

நிபந்தனை இரண்டு. கொல்லையில் இருக்கும் ஷெட்டில்தான் இருக்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது. வீட்டில் யாரையாவது கடித்தால் அன்றைக்கே வில்ஃபிடம் திரும்பப் போய்விடும். கீலி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 8

சாப்பாடு: பாலில் ஊறவைத்த ரொட்டி. வில்ஃப் சொன்னபடி. இந்தப் பக்கம் சுரங்கத்து ஆட்கள் காலத்திலிருந்து இதுதான் ஃபெரெட்டுக்குப் போடுவது. கிரேவி நக்கிக் காலி செய்தது. சற்று நேரத்தில் ஷெட் முழுக்க வேறு மாதிரி ஆகிவிட்டது. சுத்தம் செய்தது நான். தொழில் அனுபவம் இருக்கிறது அல்லவா.

ஜூலை 15, செவ்வாய்

தடுப்பூசி போட வேண்டும் என்று கீலி எங்கோ படித்திருக்கிறாள். லாரியில் வில்ஃபைக் கேட்டேன். மனிதர் சாண்ட்விச்சை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஊசியா? டேய் தம்பி, எங்க அப்பா வளர்த்தாரு, நான் வளர்க்கறேன், ஒண்ணுக்கும் ஒரு ஊசி போட்டதில்ல. அடுத்து என்ன, பள்ளிக்கூடத்துல சேக்கப் போறியா?"

நியாயமாகத்தான் பட்டது. கீலியிடம் "பார்ப்போம்" என்றேன். அப்பாமார்கள் "மாட்டேன்" என்பதற்குச் சொல்லும் வார்த்தை அது என்று அவளுக்குத் தெரியும்.

ஜூலை 20

கடித்துவிட்டது. என்னைத்தான். ஆள்காட்டி விரல், நன்றாக. டெனிஸிடம் பீன்ஸ் டப்பா திறக்கும்போது வெட்டிவிட்டது என்றேன். இன்று நாங்கள் பீன்ஸ் சாப்பிடவில்லை என்பதை அவள் கவனித்திருப்பாளோ?

ஜூலை 23

கூண்டின் கம்பிவலையை ஓயாமல் கடிக்கிறது. வலையும் வில்ஃப் கொடுத்ததுதான், துருப்பிடித்தது. கையை நீட்டினால் சீறுகிறது. முதல் வாரம் கீலியின் சட்டைக் கைக்குள் புகுந்து தூங்கிய பிராணி இது. என்ன ஆயிற்று?

வில்ஃப் சொன்னார்: "மூக்குல ஒரு சுண்டு சுண்டு. யார் பெரியவன்னு தெரிஞ்சுக்கும்."

சுண்டினேன். யார் பெரியவன் என்று தெரிந்துகொண்டேன். இப்போது இரண்டு விரலில் பிளாஸ்டர்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று கீலியைக் கடித்துவிட்டது. கட்டைவிரல் அடியில். அவள் அழவில்லை, குழாயடியில் கையை வைத்துக்கொண்டு "என் மேலதான் தப்பு, நான் கன்னத்தத் தொட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். டெனிஸ் சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாவிட்டால்தான் பயம்.

"ஞாயித்துக்கிழமை போயிடணும், ட்ரெவ். பேசினது பேசினதுதான். அப்புறம், அந்த பீன்ஸ் டப்பா கதையும் எனக்குத் தெரியும்."

கீலி மாடிக்குப் போய்விட்டாள். நான் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். எனக்கும்தான் பிடித்திருக்கிறது அந்தச் சனியனை. உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்பா, திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஊசியாவது போட்டுக் கொடுப்போம்ப்பா. வில்ஃப் போடமாட்டாரு."

இதற்கு "பார்ப்போம்" சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கீலியோடு கால்நடை மருத்துவமனை. டாக்டர் பெயர் இனெஸ். ஸ்பெயின் நாட்டுப் பெண், சின்ன உருவம். என் விரல்களைப் பார்த்துவிட்டு, கையுறைகூடப் போடாமல் கிரேவியின் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினார். அது தொங்கிக்கொண்டே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. ஃபெரெட்டை அப்படிப் பிடித்தால் தானாகக் கொட்டாவி விடுமாம். அந்தக் கொட்டாவிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கம்பியைக் கடிக்குமா?"

"எந்நேரமும்."

"மேல் கோரைப்பல் முனை உடைஞ்சிருக்கு. இந்தக் கறுப்புப் புள்ளி தெரியுதா? உள்ளே நரம்பு வரைக்கும் திறந்து கிடக்கு. ஈறு வீங்கியிருக்கு. இது ரொம்ப நாளா வலியோட இருக்கு, மிஸ்டர் பூத்."

நான் மூக்கில் சுண்டியதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். கீலி என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு கடி வாங்கியிருக்கலாம்.

"உங்களுக்குப் பல்வலி இருக்கும்போது யாராவது மூக்குல சுண்டினா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் டாக்டர். கோபமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்ட மாதிரி இருந்தது.

ஊசி இன்று கிடையாது. வாயில் சீழ் வைத்துக்கொண்டு இருக்கும்போது போடக்கூடாதாம். முதலில் பல்லைப் பிடுங்கி, ஆறவிட்டு, பிறகுதான். பால் ரொட்டி இன்றோடு சரி. பால் வயிற்றுக்கு ஆகாது, ஊறின ரொட்டி பல்லில் ஒட்டிக்கொண்டு காறை பிடிக்க வைக்கும், இது இறைச்சி தின்னும் பிராணி என்றார். ஊசி தடுப்பது நாய்களிடமிருந்து தொற்றும் டிஸ்டெம்பர் நோயை, அது வந்தால் ஃபெரெட் பிழைக்காது, கிருமி ஆட்களின் பூட்ஸிலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். என் பூட்ஸைப் பார்த்தேன். ஊரில் இருக்கிற எல்லா நாயும் கால் தூக்கிய குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க நடக்கிற பூட்ஸ்.

வீட்டில் டெனிஸிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் "பல்வலி" என்று ஒரே வார்த்தைதான் வந்தது.

டெனிஸ் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். போன குளிர்காலம் அவளுக்குக் கடைவாய்ப் பல் போனது. இந்த ஊரில் பல் டாக்டரிடம் முறை கிடைப்பதற்குள் வசந்தமே வந்துவிட்டது. அதுவரை இந்த வீட்டில் யாரும் அவள் கண்ணில் பட்டுத் தப்பியதில்லை. நான் பல நாள் ஷெட்டில்தான் டீ குடித்தேன்.

"அதுக்கு எப்போ பல் பிடுங்குறாங்க?"

"புதன்கிழமை."

"அஞ்சு நாள்ல? எனக்கு வால் முளைச்சிருந்தா எனக்கும் கிடைச்சிருக்கும்." ஒரு சட்டைக் காலரைத் தேய்த்து முடித்தாள். பிறகு, "சரி. பிடுங்கட்டும். அப்புறமும் கடிச்சா போயிடணும்."

ஆகஸ்ட் 6, புதன்

பல் பிடுங்கியாயிற்று. நாயைப் போல ராத்திரியெல்லாம் பட்டினி போடக்கூடாது, குடல் ரொம்பச் சின்னது, சில மணி நேரம் போதும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மயக்கத்திலிருந்து எழுந்ததும் நடுங்கியது. கீலி தன் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.

பல்லைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே தெரிந்தது கொஞ்சம்தான், வேர் அதைவிட நீளம். வளைந்திருக்கிறது. இத்தனை சின்ன முகத்தில் இதற்கு எங்கே இடமிருந்தது?

ஆகஸ்ட் 9

குழைத்த கோழியிறைச்சி. கடிக்கவில்லை. ஆனால் நாங்களும் கையை நீட்டவில்லை, அதனால் கணக்கில் வராது.

ஆகஸ்ட் 16, சனி

ஊர் விழா. குழாய்க்குள் ஃபெரெட் ஓடும் பந்தயம் பீர் கூடாரத்துக்குப் பக்கத்தில் நடந்தது. வில்ஃபின் பெட்டை ஃபெரெட்டுக்கு இரண்டாம் பரிசு. ஊசி போடும்வரை கிரேவியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் கீலி வெறுங்கையோடு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தாள். நான் ஜூலையிலேயே போட்டிருந்தால்? அன்றே வாயையும் பார்த்திருப்பார்கள். அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பல்லு போன வேட்டைக்காரனுக்கு என்னடா சேதி?" என்றார் வில்ஃப். "சூப் குடிக்கிறானா?"

கீலி திரும்பினாள். "உங்க ஃபெரெட்டுங்க வாயை எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

வில்ஃப் சிரித்தார். ஆனால் பீர் குவளையைப் பார்த்துச் சிரித்தார்.

ஆகஸ்ட் 23, சனி

ஊசி நாள்.

இங்கே ஃபெரெட்டுக்கென்று தனி ஊசி விற்பதில்லையாம், நாய்க்குப் போடுவதையே போடுகிறார்கள். சம்மதம் என்று கையெழுத்து வாங்கினார் இனெஸ். போட்டது தெரியவே இல்லை, கிரேவி மீன் எண்ணெய் நக்கிக்கொண்டிருந்தது. "அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்க. சில ஃபெரெட்டுக்கு ஒத்துக்காது, ஒத்துக்கலேன்னா சீக்கிரமே தெரியும்."

கால்மணி ஆகியிருக்கும். மூன்று மணிக்குக் கால்பந்து மேட்ச். நான் கார் சாவியை எடுத்தேன்.

"நல்லாத்தானே இருக்கு. கிளம்பலாம்."

"அரை மணின்னாங்க."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வா."

கீலி எழுந்திருக்கவில்லை. நாற்காலிக் காலில் தன் காலைப் பின்னிக்கொண்டாள். நான் நின்றுகொண்டு சாவியை ஆட்டிக்கொண்டிருந்தேன், முட்டாள் மாதிரி. மாதிரி என்ன, முட்டாள்தான். அப்போது கிரேவி எச்சில் வடிக்க ஆரம்பித்தது. குமட்டியது. மூக்கு வெளிறிப்போய், உடம்பு துணி மாதிரி தொய்ந்தது. கீலி அதைத் தூக்கிக்கொண்டு கதவைத் தோளால் இடித்துத் திறந்து உள்ளே ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன், சாவி எங்கேயோ விழுந்தது.

உடனே வேறு ஊசி போட்டார்கள். பிராணவாயு வைத்தார்கள். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு இனெஸ் வந்து, "கோபமா இருக்கு, அதனால சரியாயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார். அடுத்த வருடம் முதலில் ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்து, அருகிலேயே வைத்துப் பார்த்துத்தான் போடுவது பற்றி யோசிப்பார்களாம்.

மேட்ச் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சொன்னபடி கிளம்பியிருந்தால் அந்நேரம் பைபாஸ் சாலையில் இருந்திருப்போம். டெனிஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீன்ஸ் டப்பா எதுவும் இல்லாமல்.

அவள் கேட்டதெல்லாம், "இன்னிக்கு ராத்திரி அது ஷெட்லயா இருக்கப் போவுது?"

சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கை. இன்றைக்கு மட்டும்.

ஆகஸ்ட் 31

இன்றைக்கு மட்டும் என்பது நடந்துகொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

பல் துலக்கும் பயிற்சி. குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ், பூனைக்கு விற்கும் பற்பசை, கோழி வாசனை. நம்முடையதைத் தொடக்கூடாது, அதில் இருப்பது விஷமாகிவிடலாம். முதலில் விரலில் தடவி நக்கவிட வேண்டும், பிறகு கன்னத்துப் பக்கம் மெதுவாக.

அந்தப் பற்பசையை யாரோ என் குவளையில் வைத்திருக்கிறார்கள். காலை வேலைக்குப் போகும் அவசரத்தில், விளக்குப் போடாமல் துலக்கினேன். நாள் முழுக்க லாரியில் வாய் திறக்கவில்லை. சுவை மோசமில்லை என்பதை இங்கே மட்டும் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டெனிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கிரேவி நாற்காலி வழியாக ஏறி அவள் விரலை வாயில் பிடித்தது. மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நானும் கீலியும் அந்த விரலையே பார்த்தோம். பிடித்தது, யோசித்தது, விட்டுவிட்டது.

"கடிச்சுதாம்மா?"

"இல்ல. எடை பாத்துது."

மறுபடி கிழங்கை உரிக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான். ஷெட்டைப் பற்றியோ வில்ஃபைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. கீலி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள், சந்தோஷத்தில்.

அக்டோபர் 10

வில்ஃப், லாரியில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி: "என் ஃபெரெட்டுங்கள்ல கிழவி ஒண்ணு சாப்பிடறப்போ தலையைச் சாய்க்குதுடா. அந்த ஸ்பெயின்காரப் பொண்ணு எந்தெந்த நாள் இருப்பா?"

நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

நவம்பர் 8, சனி

எனக்கு ஃப்ளூ. காய்ச்சல், உடம்பெல்லாம் லாரி ஏறின மாதிரி.

மனிதருடைய ஃப்ளூ ஃபெரெட்டுக்கும் அப்படியே தொற்றும் என்று இனெஸ் சொன்னது டெனிஸுக்கு நினைவிருக்கிறது. காலையிலேயே என்னை மாடியில் இஸ்திரித் துணி வைக்கும் சிறு அறைக்கு மாற்றிவிட்டாள். மடக்குக் கட்டில். சமையலறைப் பக்கம் வரக்கூடாது. சோபாவைத் தொடக்கூடாது.

"ஒரு தும்மல் கீழ கேட்டுதுன்னா, ட்ரெவ், நேரா ஷெட்டுதான். பேசினது பேசினதுதான்."

சூப்பைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, தட்டிவிட்டு, போய்விட்டாள். எடுத்துக் குடித்தேன். பால் ஊற்றிய தக்காளி சூப், ரொட்டி ஊறப்போட்டிருந்தது.

கீழே டெலிவிஷன் ஓடுகிறது. சோபா ஸ்பிரிங் சத்தம். பிறகு டெனிஸின் குரல், என்னிடம் அவள் கடைசியாக எப்போது அப்படிப் பேசினாள் என்று யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

"ஆ காட்டு, ராஜா. இன்னும் ஒரு பக்கம்தான். அவ்வளவுதான், முடிஞ்சுது."

தும்மல் வருகிறது. தலையணையை மூக்கில் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன்.