படுத்துக் கிடக்கும் சர்வருக்காக

செட்டியார்பட்டி,
12-9-1999, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு, கிருபா எழுதுவது.

கர்த்தர் தயவில் நானும் ஜெபாவும் அத்தையும் சுகம். நீங்களும் சுகம் என்று ஐயாதுரை அண்ணன் போட்ட கார்டில் இருந்தது. ஆனால் அதில் உங்கள் கையால் ஒரு எழுத்தும் இல்லை. மதுரைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வாரேன் என்று கிளம்பிய ஆள் பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் ஐயாதுரை அண்ணன் அறையில் இருக்கிறார் என்பது ஐந்து வாரம் கழித்து ஒரு கார்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு தறியில் ஏழு ஓடுகிறது. பேண்டேஜ் துணி தேங்காமல் உள்ளூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சங்கையா அண்ணன் தினமும் வேலைக்கு வந்ததும் தறியைத் தொடுமுன் "மொதலாளி எப்பம் வாராவ?" என்றுதான் கேட்கிறார். வியாபார விஷயமாக வடக்கே போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் முகம் மாறாமல் சொல்ல வருகிறது.

உங்கள் கோடு போட்ட சட்டையைத் துவைக்கப் போட்டபோது பைக்குள் டென்மார்க்காரர் அனுப்பிய ஃபேக்ஸ் இருந்தது. நம்மிடம் பேண்டேஜ் துணி வாங்க இருந்த அவர் மூன்று நாள் நம் வெப்சைட்டைத் திறந்து பார்த்தாராம். வெள்ளைத் திரைதான் வந்ததாம். கம்பெனியை மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது என்று வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டாராம். ஆர்டர் போனதற்கு நான் அழவில்லை அத்தான். ஃபேக்ஸ் வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது டென்மார்க்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாராம் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி ரசம் கேட்டீர்கள். அப்போது அது உங்கள் பையில்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. இலவசமாக இடம் கொடுக்கிறான் என்று முகம் தெரியாத ஒருவனிடம் வெப்சைட்டைக் கொண்டுபோய் வைத்தது தப்புதான். அதற்காக நான் உங்களைத் தின்றுவிடுவேனா?

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் போன முதல் நாள் "சர்வர் படுத்துருச்சு, செத்த நேரத்துல எந்திரிச்சுரும்" என்று சொன்னீர்கள் அல்லவா, அதை அத்தை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு சர்வர் என்றால் ஹோட்டலில் இலை போடுகிற பையன்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெப விண்ணப்பப் பெட்டியில் "படுத்துக் கிடக்கும் சர்வருக்காக" என்று சீட்டு எழுதிப் போட்டுவிட்டார்கள். நம் சபைப் போதகர் ஐயர் மைக்கில் அப்படியே வாசித்தார். சபை முழுக்கக் கண்ணை மூடி ஜெபித்தது. ஆராதனை முடிந்ததும் எந்த ஹோட்டல், என்ன சீக்கு என்று நாலு பேர் என்னிடம் விசாரித்தார்கள். உங்களிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஓடி வந்தேன். நீங்கள் சிரிக்கவே இல்லை. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது பெல்ஜியத்திலிருந்து ஒருவர் பேண்டேஜ் துணி விசாரித்திருக்கிறார். வெப்சைட் இருக்கிறதா என்று கேட்கிறார். அன்றையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு போனில் எஸ்.டி.டி. கிடையாதே, பழைய பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்துக்கும் வீட்டுக்கும் நடந்தே செருப்புத் தேய்ந்துவிட்டது.

முதலில் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி. வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் எங்கள் சர்வர் நிற்காது என்றார் அந்தப் பையன். பாக்கி ஒரு பங்கு எவ்வளவு என்று பூத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். மூன்றரை நாளுக்கு மேல் வந்தது. டென்மார்க்காரர் பார்த்ததும் மூன்று நாள்தானே தம்பி, அந்த நாள் எது என்று முன்கூட்டியே சொல்வீர்களா என்று கேட்டேன். மேடம், அப்படியெல்லாம் நடக்காது என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்கு உங்கள் குரல் மாதிரியே கேட்டது, வைத்துவிட்டேன். அடுத்து பெங்களூரில் ஒன்று. அங்கே மனுஷர் யாரும் எடுக்கவில்லை, பாட்டுத்தான் ஓடியது. பூத் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பாதிப் பாட்டு கேட்டேன்.

மூன்றாவது மதுரையில், அமிர்தவல்லி என்று ஒரு பெண், கூட ஒரே ஒரு ஆள். அவ்வளவுதான் கம்பெனி. உங்கள் சர்வர் படுக்குமா என்று கேட்டேன். "படுக்கும்க்கா. மெஷின் அமெரிக்காவுல இருக்கு. எங்க கையில இல்ல. ஆனா படுத்தா அரை மணி நேரத்துக்குள்ள நானே ஒங்களுக்குப் போன் போட்டுருவேன்" என்றாள். என்னிடம் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வேன், இவரிடம் கேளுங்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பால்கோவா வியாபாரம் செய்யும் ரத்தினம் அண்ணாச்சி விலாசத்தையும் கொடுத்தாள். நாளைக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வேன். நீங்கள் இருந்தால் உங்களிடம் கேட்டிருப்பேன்.

ஜெபாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அப்பா வந்தால் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரி போதும், உங்கள் கையால் எழுதுங்கள்.

அன்பு மனைவி,
கிருபாபாய்.


செட்டியார்பட்டி,
24-10-1999, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

ரத்தினம் அண்ணாச்சியைப் பார்த்தேன். கடையில் கூட்டம், நின்றபடியே பேசினார். "ரெண்டு மட்டம் படுத்துருக்கு தாயி. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு மட்டமும் நமக்குத் தெரியுமுன்ன அந்தப் பிள்ளையே போன் போட்டுச் சொல்லிட்டு" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அமிர்தவல்லியிடம் வெப்சைட்டைக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. தறி படமும் துணி படமும் நீங்கள் வைத்தபடியேதான் இருக்கின்றன. கீழே உங்கள் பெயரையும் எடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஜெபாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வீட்டு போன் அடித்தது. அந்த வேளையில் நமக்கு யார் போன் செய்வார்கள்? சீப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். எடுத்து, அத்தான் என்றுதான் சொன்னேன். அந்தப் பக்கம் அமிர்தவல்லி. அக்கா, உங்கள் வெப்சைட் இப்போது திறக்கவில்லை, சாயங்காலம் வரைக்கும் ஆகும், யாராவது பார்க்கிறதாக இருந்தால் சொல்லிவிடுங்கள் என்றாள். சரி என்று வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகுதான் பூத்துக்கு ஓடினேன். இன்றைக்கு எங்கள் வெப்சைட் திறக்காது, கம்பெனி திறந்துதான் இருக்கிறது, நாளைக்குப் பாருங்கள் என்று பெல்ஜியத்துக்கு ஃபேக்ஸ் கொடுத்தேன். சொன்னதற்கு நன்றி என்று அவரிடமிருந்து பதில் வந்தது. மறுநாள் பார்த்தாராம். சாம்பிள் கேட்டிருக்கிறார். எட்டாவது தறியையும் ஓட்டிவிட்டோம். சங்கையா அண்ணன்தான் அதில் பாவு நூல் ஏற்றினார்.

படுக்காத சர்வர் உலகத்திலேயே கிடையாதாம். படுத்தால் படுத்துவிட்டது என்று ஒரு போன், நமக்கு வேண்டியது அவ்வளவுதான். இதை முகம்கூடப் பார்க்காத ஒரு பெண்ணிடமிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பதினொரு வருஷம் கூட இருந்தவர் இதை எனக்குச் செய்யவில்லையே என்று எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். வந்தால் இரண்டு நாள் பேசாமல் இருப்பேன், பிறகு சரியாகிவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சர்வர் என்றால் ஆள் இல்லை, மெஷின் என்று அத்தையிடம் அன்றைக்கே விளக்கிச் சொல்லிவிட்டேன். போன மாதம் வேறு இடத்துக்கு மாற்றியபோது, இப்போது நன்றாக ஓடுகிறது என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் வாராவாரம் அதே சீட்டுப் பெட்டிக்குள் போகிறது. ஐயரும் வாசிக்கிறார். இன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பொறுக்காமல், இன்னும் யாருக்காக அத்தை இந்த ஜெபம் என்று கேட்டுவிட்டேன். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம் மவன் சொல்லாமப் போய்ட்டான்னு சபைக்கு எப்டிட்டீ எழுதிக் குடுப்பேன்? கர்த்தருக்கு யாருன்னு தெரியும்" என்றார்கள். அவர்கள் கையிலிருந்த வேதாகமத்தை நான் வாங்கிக்கொண்டு கூட நடந்தேன்.

பன்னிரண்டு ஞாயிறாக இந்த ஊர்ச் சபை முழுக்கத் தெரியாமலே உங்களுக்காகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. எந்த ஹோட்டல் என்று கேட்ட நாலு பேரும் சேர்த்துத்தான். அத்தை அடுத்த வாரத்துச் சீட்டை இப்போதே எழுதி வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

கர்த்தர் உங்களை எழுப்பி நடத்தட்டும். அந்தச் சீட்டு பெட்டிக்குள் போகாமல் நின்றுவிடும்படி சனிக்கிழமைக்குள் ஒரு போன் போடுங்கள், அத்தான். எந்த வேளையானாலும் எடுக்கிறேன்.

காத்திருக்கும்,
கிருபா.