ஹெட்போன் போட்டு வாசித்த பாட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, நீ போடும் படங்களில் பல் அத்தனையும் தெரிகிறது, சுகமாகத்தான் இருப்பாய். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் அப்புறம் பேசுறேம்ப்பா என்று வெட்டிவிடுவாய், காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. சித்தப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ விசாரிக்கவில்லையே என்று அவர் வருத்தப்படவில்லை, உன்னிடம் அவர் அதையெல்லாம் எதிர்பார்ப்பதே இல்லை. குளியலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போட்டுவிட்டுப் போன கீபோர்டில் அம்மா மூன்று கட்டை சேர்த்து அமுக்கும் சாதாரண கார்டு வாசித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். நீதான் பேச்சை முடிக்கிற அவசரத்தில், நைன்த், தர்ட்டீன்த் எல்லாம் கத்துக்கம்மா, அப்புறம் எனக்கு வாசிச்சுக் காட்டு என்று சொல்லிவைத்தாய். நாலைந்து கட்டை சேர்த்து அமுக்கும் பெரிய கார்டுகளாம் அவை. சொன்ன நீ மறந்துவிட்டாய், கேட்டவள் மறக்கவில்லை. நாளெல்லாம் சலவைக் கடையில் துணி மடித்துவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கை உனக்குத் தெரியும், ஜாடி மூடி திறக்க என்னைக் கூப்பிடுகிற கை. விரல் எட்டாவிட்டால் அடி சுரத்தை இடது கைக்குத் தள்ளிவிடலாமாம், சில சுரங்களை விட்டாலும் கேட்கிறவருக்குக் குறை தெரியாதாம். டி மைனர் நைன்த்திலிருந்து ஜி தர்ட்டீன்த்துக்குப் போக வலது கையில் நடுவிரல் மட்டும் ஒரு கட்டை நகர்ந்தால் போதும், மற்ற விரல்கள் அசையவே கூடாது என்று சாப்பாட்டு மேஜை மேல் செய்து காட்டினாள். எனக்கு மண்ணும் புரியவில்லை. எனக்குச் சத்தம் ஆகாது, அவளுக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

போன ஞாயிறு வீடியோவில் உனக்கு வாசித்துக் காட்டினாளே, அன்று பழக்கதோஷத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒயர் கீபோர்டில் செருகியே இருந்தது. அவள் காதில் மட்டும் பாட்டு, சோபாவில் இருந்த எனக்குக் கட்டைகள் டக்டக்கென்று தட்டுகிற சத்தம்தான். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் நீ தலையாட்ட ஆரம்பித்துவிட்டாய். அதுவும் தாளத்தோடு. சரி, எவ்வளவு தூரம் போகிறாய் பார்ப்போம் என்று சும்மா இருந்தேன். முடிந்ததும் கைதட்டி, அருமைம்மா, அந்தக் கடைசி கார்டு இருக்கே, அப்படியே அழுகையே வந்துடுச்சு என்று வாய் கூசாமல் சொன்னாய். பக்கத்துத் திரையில் என்ன பார்த்துக்கொண்டிருந்தாயோ. நீ போனை வைத்த பிறகு அவள் ஹெட்போனைக் கழற்றினாள், ஒயரைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பாவங்க, அவளுக்கு அங்கே என்ன வேலையோ, நான் கவனிச்சேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் அவள் பிறந்தநாளுக்கு நீ கூப்பிடும்போது வேறு பாட்டு வாசிக்கப்போகிறாள். அன்றைக்காவது ஒயரை எடுத்துவிடு என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். ஒன்றும் கேட்கலம்மா என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பிள்ளை கேட்டிருக்கிறாள் என்று அவள் பூரித்துப்போவாள். நீயாகச் சொல்லியிருந்தால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். இதை எழுதி அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். நீ என்ன சொன்னாலும் அது நான் எழுதித்தந்ததுதான் என்று அவளுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள், உட்கார்ந்தே இருந்தால் முதுகு போய்விடும். நல்லபடியாக, நீண்ட ஆயுளோடு இரு. பிறந்தநாள் தேதி இருபத்திரண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா