சைபர் போட்ட நத்தை

என் அன்புக் கப்பல்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒழுகிய குழாயை மாற்றியாகிவிட்டது. உங்கள் அக்கா இரண்டு முறை வந்து என் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போனார். நேற்று உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் பாறைச் சமாசாரம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் கடல் பாடம் நடத்தும் பாறையை மறந்திருக்க மாட்டீர்கள். இருபத்துமூன்று பேரும், பாறையில் குல்லா கவிழ்த்த மாதிரி ஒட்டியிருக்கும் குல்லா நத்தைகளில் ஆளுக்கொன்றின் ஓட்டில் நெயில் பாலிஷால் தங்கள் வகுப்பு நம்பரை எழுதி, அது ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலும் அதையே எழுதினார்கள். தண்ணீர் ஏறும்போது மேயப் போகும் நத்தை, வடிவதற்குள் தன் இடத்துக்கே திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் பாடம். வேடிக்கை பார்க்க வந்த நீங்கள், "நான் உங்க கிளாஸ்ல இல்லையே, எனக்கு சைபர் போதும்" என்று நீங்களும் ஒன்றில் எழுதிவிட்டுத்தான் கப்பலேறினீர்கள்.

ஐந்து மாதம் ஒன்றுகூடத் தவறவில்லை. நான் நம்பரைக் கூப்பிட, நத்தைக்குப் பதிலாகப் பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவார்கள். சைபருக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், பிடிக்கவும் செய்யும்.

மூன்று வாரத்துக்கு முன் உங்கள் நத்தையின் இடம் காலியாக இருந்தது. அந்த வாரம்தான் நடுக்கடலில் புயல் என்று உங்கள் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து தகவலே இல்லை. நத்தைக்கும் மனுஷனுக்கும் என்னடி சம்பந்தம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

முந்தாநாள் காலை சைபர் திரும்பியிருந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். குனிந்து பார்த்தேன். உங்கள் கைதான், அதே கோணல் வட்டம். ஆனால் இந்த வகை நத்தையின் ஓட்டு விளிம்பு, தான் உட்காரும் பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடிதான் வளரும். தன் இடத்தில் அமர்ந்தால் அடியில் ஒரு தலைமுடிகூட நுழையாது. இதன் அடியில் என் நகம் நுழைந்தது. என்னைச் சமாதானப்படுத்த யாராவது வேறு நத்தையில் எழுதினீர்களா, திட்டமாட்டேன் என்று கேட்டேன். வகுப்புத் தலைவி மெதுவாக, "நாங்க தொடவே இல்ல டீச்சர். எங்களுக்கும் இது வேற மாதிரிதான் தெரியுது" என்றாள்.

நேற்று உங்கள் கடிதம். சந்தோஷத்தில் வாசலிலேயே பிரித்தேன். உங்கள் எழுத்துதான். புயலில் தப்பியது, அடுத்த மாதம் வருவது, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பிறகு, மாடி அறையில் உங்கள் சட்டைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நமக்கு மாடி ஏதுங்க?

களைப்பில் எழுதியிருப்பான் என்கிறார் உங்கள் அக்கா. அப்படியே இருக்கட்டும். பதில் எழுதும்போது, என்னைச் செல்லமாகக் கூப்பிடுவீர்களே, அந்தப் பெயரைப் போட்டுத் தொடங்குங்கள். வந்த கடிதத்தில் அது இல்லை. நானும் வேண்டுமென்றேதான் இதில் எங்கும் எழுதவில்லை.

நீங்கள்தான் என்றால், நல்லபடியாகச் சீக்கிரம் வந்து சேருங்கள், வாசலிலேயே நிற்பேன். இதைப் படிப்பது வேறு யாராவது என்றால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவரை என்னிடம் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி